கைன்மாஸ்டருக்கு அடுத்து ஃபில்மோராவா, நேராக பிரீமியரா?

உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். கல்யாண ஸ்டூடியோ ஒன்றில் கேமரா அசிஸ்டென்டாக இருக்கிறீர்கள். இரண்டு வருடமாகப் போனில் கைன்மாஸ்டர் என்ற எடிட்டிங் ஆப் வைத்து ரீல்ஸ் வெட்டிப் பழகியிருக்கிறீர்கள். இப்போது ஐ5, 8 ஜிபி ரேம், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத செகண்ட் ஹேண்ட் லேப்டாப் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. ஒரு நண்பர் "முதல்ல ஃபில்மோரா பழகு, அப்புறம் பிரீமியர் பக்கம் போ" என்கிறார், இன்னொருவர் "நேரா பிரீமியர் போயிடு, மத்ததெல்லாம் டைம் வேஸ்ட்" என்கிறார். இரண்டில் எது நல்ல எடிட்டிங் சாஃப்ட்வேர் என்று கேட்பது போல எழுதியிருந்தாலும் விஷயம் உங்கள் கடைசி வரியில்தான் இருக்கிறது: ஃபில்மோரா மாதிரி சின்னதில் கற்றுக்கொண்டால், பிரீமியர் மாதிரி பெரியதுக்குப் போகும்போது எல்லாவற்றையும் மறந்துவிட்டு முதலிலிருந்து வரவேண்டுமா? போடப் போகும் ஆறு மாத உழைப்பு தண்டமாகிவிடுமோ என்ற பயம் அது. அதற்கே பதில் சொல்கிறேன்.

நான் திண்டுக்கல் பக்கம் 2008இலிருந்து கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். ஆரம்பித்தபோது மினிடிவி (MiniDV) என்ற சின்ன கேமரா டேப்தான். ஒரு மணி நேர டேப்பைக் கம்ப்யூட்டரில் இறக்க முழுசாக ஒரு மணி நேரம் ஆகும், 13 ஜிபி இடம் பிடிக்கும், நடுவில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து. எடியஸில் தொடங்கி, சில வருடம் பிரீமியரில் ஓட்டி, இப்போது பெரும்பாலும் டாவின்சி ரிசால்வ். இடையில் பையன்கள் பதினைந்து இருபது பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். சினிமா எடிட்டிங் அறையில் உட்கார்ந்து வேலை பார்த்தவன் இல்லை, அதனால் சினிமா பற்றி நான் சொல்வதை அந்தத் துறையில் இருப்பவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

நிச்சயமாகத் தெரிந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். வெட்டக் கற்றது எங்கேயும் போகாது. ஒரு முகூர்த்தத்தை எடுத்துக்கொள்வோம். கெட்டிமேளம் ஆரம்பிக்கிறது, மாப்பிள்ளை கையில் தாலி. மூன்று கேமரா ஓடுகிறது: ஒன்று நேரெதிரே, ஒன்று பெண்ணின் முகத்தில், ஒன்று மண்டபத்துக் கூட்டத்தின் மேல். புதிதாக வருபவன் மூன்று முடிச்சும் விழும்வரை கையை மட்டுமே காட்டுவான். கொஞ்சம் பழகியவன் முதல் முடிச்சுக்குக் கையைக் காட்டி, அட்சதை பறக்கத் தொடங்கும் நொடியில் கூட்டத்துக்குப் போய், நாத்தனார் முடிச்சுப் போடும் இடத்தைத் தவறவிடாமல் திரும்பி வந்து, பெண்ணின் அம்மா கண்ணைத் துடைப்பதில் இரண்டு நொடி கூடுதலாக நிற்பான். எங்கே நிற்பது, எங்கே நகர்வது என்பதை நீங்கள் போனில் முப்பது செகண்ட் ரீல்ஸ் வெட்டும்போதே பழக ஆரம்பித்துவிட்டீர்கள். மற்றபடி கைன்மாஸ்டரில் கத்தரிக்கோலைத் தொடுகிறீர்கள், எடியஸில் 'சி', பிரீமியரில் 'கன்ட்ரோல் கே', ரிசால்வில் 'கன்ட்ரோல் பி'. ஒரு வாரத்தில் விரலுக்குப் பழகிவிடும். ரிசால்வில் பிரீமியரின் கீபோர்டு அமைப்பையே தேர்ந்தெடுத்துக்கொள்ளவும் முடியும். 2020இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கார் வாங்கிய கொரியப் படம் 'பாரசைட்' ஃபைனல் கட் புரோ 7இல் வெட்டப்பட்டது, அது ஆப்பிள் 2011லேயே கைவிட்டுவிட்ட சாஃப்ட்வேர். அந்த எடிட்டருக்குக் கை பழகியது அதில்தான், அதிலேயே முடித்தார்.

அப்படியானால் சின்னதுக்கும் பெரியதுக்கும் என்னதான் வித்தியாசம்? எஃபெக்ட், டிரான்சிஷன் எண்ணிக்கை என்று பலர் நினைக்கிறார்கள். பார்க்கப்போனால் அந்தக் கணக்கில் போன் ஆப்தான் ஜெயிக்கும், ஒரு தட்டு தட்டினால் பூ மழை பொழியும். வித்தியாசம் தெரிவது வேலை பெரிதாகும்போது. இரண்டு நாள் கல்யாணம், மூன்று கேமரா, 4கேயில் நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவு என்றால் ஒரு கேமராவுக்கு மணிக்கு 45 ஜிபி. எல்லாம் சேர்ந்து அரை டெராபைட்டைச் சுலபமாகத் தாண்டும். இதில் நலங்கு எங்கே, மாப்பிள்ளை அழைப்பு எங்கே என்று 'பின்' (bin, அதாவது ஃபோல்டர்) பிரித்து வைக்கணும். மூன்று கேமராவையும் ஒலியை வைத்து ஒன்றோடொன்று பொருத்தி, ஓடவிட்டே மாற்றி மாற்றி வெட்டணும், இதைத்தான் மல்டிகேம் என்பது. வேறு ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றினால் ஃபைல்களை மறுபடி இணைக்கத் தெரியணும். தவில் சத்தத்தில் மைக் திணறிப் போன ஒலியைத் தூக்கிவிட்டு வேறு கேமராவின் ஒலியை அடியில் போடணும். கலருக்கு வேறொருவர், ஒலிக்கு வேறொருவர் என்றால் டைம்லைனை (கிளிப்புகளை வெட்டி அடுக்கிய வரிசையை) எக்ஸ்எம்எல், ஏஏஎஃப் என்ற பொதுவான ஃபைல் வகை ஒன்றில் ஏற்றுமதி செய்து கொடுக்கணும். போன் ஆப்பில் செய்த புராஜெக்ட்டைப் பெரும்பாலும் அதே ஆப்பில்தான் திறக்க முடியும், வேறு சாஃப்ட்வேரில் வேலை செய்பவர் கைக்குப் போகாது. தனியாக ரீல்ஸ் மட்டும் போடுகிறவருக்கு இதெல்லாம் தேவையே இல்லை. ஸ்டூடியோவில் வேலைக்குப் போகிறவருக்கு எஃபெக்டை விட இதுதான் சோறு போடும்.

அடுத்தது உங்கள் லேப்டாப். இங்கேதான் நிறையப் பேர் "இந்த சாஃப்ட்வேர் சரியில்லை, மாட்டுகிறது" என்று தப்பான ஆளைத் திட்டுகிறார்கள். போனும் கேமராவும் பதிவு செய்யும் எச்.264, எச்.265 என்ற முறையில் சுருக்கிய ஃபைல்களில் ஒவ்வொரு ஃபிரேமும் முழுப் படமாக இருக்காது. எப்போதோ ஒரு ஃபிரேம் மட்டும் முழுசு, நடுவில் உள்ளவை எல்லாம் "முந்தினதிலிருந்து இங்கே இங்கே மாறியிருக்கிறது" என்ற குறிப்புகள்தான். வரிசையாக ஓட்டினால் பிரச்சினை இல்லை. நீங்கள் டைம்லைனில் நடுவே ஓரிடத்தைத் தொட்டால், கம்ப்யூட்டர் பின்னால் போய் முழுப் படத்தைத் தேடி, அங்கிருந்து கூட்டிக்கொண்டே வரவேண்டும். எச்.265இல் இந்தக் கணக்கு இன்னும் கனம். இதற்கு வழி புராக்ஸி: ஒவ்வொரு கிளிப்புக்கும் சின்ன அளவில், எளிதாகப் பிரிக்கக்கூடிய வகையில் ஒரு நகல் எடுத்து, அதை வைத்து வெட்டி, எக்ஸ்போர்ட் செய்யும்போது மட்டும் ஒரிஜினலுக்குத் திரும்புவது. பிரீமியர், ரிசால்வ் மட்டுமல்ல, இலவசமாகக் கிடைக்கும் ஷாட்கட், கேடென்லைவ் இரண்டிலும் இந்த வசதி உண்டு. ராத்திரி புராக்ஸி போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் உங்கள் 8 ஜிபி லேப்டாப்பில்கூட வெட்டலாம். வெண்ணெய் மாதிரி ஓடும் என்று சொல்லமாட்டேன், ஆனால் வெட்டலாம்.

இன்னொன்று, போனிலிருந்து கம்ப்யூட்டருக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது விழும் குழி இது. போன் கேமரா நொடிக்கு 30 ஃபிரேம் என்று சொன்னாலும் வெளிச்சம், சூடு இவற்றைப் பொறுத்துக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துத்தான் எடுக்கும். போன் ஆப்களுக்கு இது வழக்கமான விஷயம், சமாளித்துக்கொள்ளும். கம்ப்யூட்டர் சாஃப்ட்வேர்கள் நிலையான வேகத்தை எதிர்பார்த்துக் கட்டப்பட்டவை. விளைவு என்னவென்றால், ரிசப்ஷனில் யாரோ நாற்பது நிமிடம் பேசியதைப் போனில் எடுத்திருப்பீர்கள், ஆரம்பத்தில் வாயும் சத்தமும் சரியாக இருக்கும், போகப் போக விலகி, கடைசியில் டப்பிங் படம் மாதிரி ஆகிவிடும். என்னிடம் படித்த ஒரு பையன் இதற்காக சாஃப்ட்வேரையே மூன்று தடவை மாற்றிப் பார்த்தான். ஹேண்ட்பிரேக் என்ற இலவச சாஃப்ட்வேரில் கிளிப்பைப் போட்டு, வீடியோ பகுதியில் 'கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்' என்பதைத் தேர்ந்தெடுத்து மாற்றிக்கொண்டு, அப்புறம் டைம்லைனுக்குக் கொண்டுபோங்கள். தீர்ந்தது.

இனி ஒவ்வொன்றாக வருகிறேன். ரிசால்வ் முதலில் கலர் செய்வதற்கான விலையுயர்ந்த கருவியாக இருந்தது. 2009இல் பிளாக்மேஜிக் டிசைன் என்ற ஆஸ்திரேலிய நிறுவனம் அதை வாங்கி, பிறகு எடிட்டிங், ஒலி, கிராபிக்ஸ் என்று ஒவ்வொரு அறையாகச் சேர்த்துக் கட்டியது. இலவசப் பதிப்பே ஒரு முழுநேர எடிட்டருக்குப் போதும். 4கே வரை, நொடிக்கு 60 ஃபிரேம் வரை எக்ஸ்போர்ட் செய்யலாம், வாட்டர்மார்க் வராது. காசு கட்டிய ஸ்டூடியோ பதிப்புக்கு மட்டுமே உரிய எஃபெக்டை இழுத்துப் போட்டால்தான் அந்தக் கிளிப்பில் முத்திரை விழும். ஸ்டூடியோ பதிப்பு ஒரே தடவை கட்டும் பணம், பல வருடமாக 295 டாலர் என்றே இருந்தது. குறை என்று பார்த்தால், அது மெஷினைத் தின்னும். 16 ஜிபி ரேமும் ஒரு நல்ல கிராபிக்ஸ் கார்டும் இருந்தால்தான் நிம்மதி. புது மிரர்லெஸ் கேமராக்களின் 10 பிட் 4:2:2 (நிற விவரம் கூடுதலாக இருக்கும் வகை) பதிவுகளில் சில, விண்டோஸில் இலவசப் பதிப்பில் படம் வராமல் ஒலி மட்டும் வரும். உங்கள் ஸ்டூடியோ அப்படி எடுக்கிறதா என்று முதலில் விசாரித்துவிடுங்கள். எடுத்தால் மாற்றிக்கொண்டுதான் உள்ளே கொண்டுபோக வேண்டும்.

பிரீமியர் பற்றி எல்லோருக்கும் தெரியும். யூடியூப் சேனல்கள், விளம்பர வேலைகள், ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற கிராபிக்ஸ் சாஃப்ட்வேரோடு சேர்ந்து ஓடும் இடங்கள் எல்லாவற்றிலும் அது கேட்கப்படும். ஆனால் 2013இலிருந்து அதன் நிறுவனமான அடோபி மாதச் சந்தா வழிக்கு முழுசாகப் போய்விட்டது, கட்டுவதை நிறுத்தினால் சாஃப்ட்வேர் நிற்கும். மாதம் நாலு வேலை கையில் இருக்கும்போது அது செலவே இல்லை. கற்றுக்கொள்ளும் காலத்தில் அது வாடகை வீடு மாதிரி, ஒன்றாம் தேதி வந்துகொண்டே இருக்கும். இதைச் சொன்னால் உடனே "அண்ணா, கிராக் இருக்கே" என்பார்கள், காசு கட்டாமல் ஓட்டும் திருட்டுப் பதிப்பைச் சொல்கிறார்கள். இருக்கிறது. 2019இல் தெரிந்த ஒருவர் ஸ்டூடியோவில் அப்படி எங்கேயோ இறக்கிய கிராக்கோடு, ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் சேர்ந்து வந்து, டெலிவரி கொடுக்காத ஐந்து கல்யாணத்தின் ஃபூட்டேஜையும் பூட்டிவிட்டது. பெண் வீட்டார் முன்னால் அவர் உட்கார்ந்திருந்த கோலத்தை நான் பார்த்தேன். இலவசத்தில் ரிசால்வ் கிடைக்கும் காலத்தில் அந்த ஆபத்துக்கு ஒரு அவசியமும் இல்லை.

எடியஸை உங்கள் நண்பர்கள் இருவருமே சொல்லவில்லை, ஆச்சரியமாக இருக்கிறது. ஏனென்றால் நம் ஊர்க் கல்யாண ஸ்டூடியோக்களில் பாதிப் பேர் இன்னும் அதில்தான் இருக்கிறார்கள், குறைந்தபட்சம் நான் பழகும் வட்டாரத்தில். கேனோப்பஸ் என்ற ஜப்பானிய நிறுவனம் உருவாக்கி, பிறகு கிராஸ் வேலி கைக்குப் போனது. அதன் பலம் ஒன்றுதான்: எந்த வகை ஃபைலையும் கலந்து டைம்லைனில் போட்டு, ரெண்டர் போடாமல் (முன்கூட்டியே தயாரித்து வைக்கக் காத்திருக்காமல்) ஓட்டலாம், அதுவும் பெரிய கிராபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினில். மூன்று மணி நேர டிரெடிஷனல் வீடியோவை இரண்டு நாளில் முடித்துக் கொடுக்க வேண்டியவனுக்கு இது வரம். கலர், கிராபிக்ஸ் பக்கம் அது பழசாகத்தான் தெரியும். உங்கள் முதலாளி எதில் வெட்டுகிறார் என்று கேளுங்கள், எடியஸ் என்றால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பத்து நாள் பார்த்தாலே பாதி வந்துவிடும். ஃபைனல் கட் விண்டோஸில் ஓடாது, உங்களிடம் மேக் இல்லை, விட்டுவிடலாம்.

ஃபில்மோராவைக் கேலி செய்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஸ்கூல் ஆண்டுவிழா, கடை விளம்பரம், சமையல் சேனல் இதற்கெல்லாம் அது தாராளமாகப் போதும், வாங்கியவர்கள் சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள். உங்களுக்கு ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், நீங்கள் ஏற்கனவே கைன்மாஸ்டரில் அந்தப் படியைத் தாண்டிவிட்டீர்கள். டைம்லைன், லேயர், கீஃபிரேம் எல்லாம் தெரியும். ஃபில்மோராவில் இலவசமாக எக்ஸ்போர்ட் செய்தால் வாட்டர்மார்க் வரும், அதை எடுக்கக் காசு கட்டணும், கட்டிவிட்டு ஆறு மாதத்தில் வேறு இடம் போவதற்கு எதற்கு அந்தப் பணம். இதுவரை போனில்கூட எதுவுமே வெட்டாத, எடிட்டிங்கைத் தொழிலாக எடுக்காத ஒருவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் என் பதில் தலைகீழாக இருந்திருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

தமிழில் டைட்டில் போடுவது பற்றி ரிவ்யூ வீடியோக்களில் ஒருவரும் பேசமாட்டார்கள், அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன். எந்த சாஃப்ட்வேரை நிறுவினாலும் முதல் வேலையாக டைட்டிலில் 'கொக்கு', 'பௌர்ணமி', 'ஸ்ரீ' மூன்றையும் யூனிகோடில் டைப் செய்து பாருங்கள். கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் ஒட்டிக்கொண்டோ, புள்ளி போட்ட வட்டத்தோடோ வந்தால் அதன் எழுத்து எஞ்சினுக்குத் தமிழ் கோக்கத் தெரியவில்லை என்று அர்த்தம். பிரீமியரின் பல பதிப்புகளில் இதற்கு ஒரு சுவிட்ச் உண்டு. பிரிஃபரன்சஸில் கிராபிக்ஸ் பகுதிக்குப் போய் டெக்ஸ்ட் எஞ்சினை 'சவுத் ஏசியன் அண்டு மிடில் ஈஸ்டர்ன்' என்று மாற்றணும். இது தெரியாமல் எத்தனையோ பேர் இன்றைக்கும் பாமினி என்ற, யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவில் டைப் செய்து ஒப்பேற்றுகிறார்கள். ஒப்பேற்றுவதில் தப்பில்லை, நானும் வருடக்கணக்கில் அப்படித்தான் ஓட்டினேன், ஆனால் அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் திறந்தால் மணமக்கள் பெயர் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். எதுவுமே சரிவரவில்லை என்றால் டைட்டிலை வேறெங்காவது செய்து, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாகக் கொண்டுவந்து வைத்துவிடுங்கள்.

இனி உறுதியாகச் சொல்ல முடியாதவை. "எதைக் கற்றால் வேலை கிடைக்கும்" என்பது ஊருக்கு ஊர், ஸ்டூடியோவுக்கு ஸ்டூடியோ மாறும். சினிமாவில் பல வருடம் அவிட் என்ற எடிட்டிங் சாஃப்ட்வேர்தான் ராஜா, இப்போது பிரீமியரும் ரிசால்வும் கலந்துவிட்டன என்று நண்பர்கள் சொல்கிறார்கள். நானே பார்த்தது இல்லை. தானாக வெட்டிக் கொடுக்கும் ஏஐ வசதிகள் உங்கள் வேலையை எவ்வளவு தூரம் தின்னும் என்பதிலும் எனக்குத் தெளிவில்லை. சப்டைட்டில் போடுவது, பேச்சு நடுவே உள்ள வெற்றிடத்தை வெட்டுவது போன்றவற்றை அவை ஏற்கனவே எடுத்துக்கொண்டுவிட்டன. எந்த நாத்தனார் கோபித்துக்கொள்வார் என்று அதற்கு இன்னும் தெரியாது, அந்த அளவில் நமக்குப் பிழைப்பு இருக்கிறது.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் செய்வது இதுதான். ரிசால்வ் இலவசப் பதிப்பை நிறுவி, ஃபியூஷன் (கிராபிக்ஸ்), ஃபேர்லைட் (ஒலி) பக்கங்களைத் தொடாமல், எடிட் பக்கத்தில் மட்டும் மூன்று மாதம் வேலை செய்வேன். அதன் பத்தில் ஒரு பங்குதான் உங்களுக்கு இப்போது தேவை, மீதியைப் பார்த்து மலைக்க வேண்டாம். லேப்டாப் அதைத் தாங்கவே மாட்டேன் என்றால் ஷாட்கட். ஒரு முழு காதுகுத்தையோ வளைகாப்பையோ முதலாளியிடம் கேட்டு வாங்கி, இறக்குவதிலிருந்து எக்ஸ்போர்ட் வரை தனியாக முடித்துப் பாருங்கள், பத்து டுடோரியலில் வராதது அதில் வரும். ஒரு எச்சரிக்கை: ரிசால்வ் உங்கள் புராஜெக்ட்டை ஃபூட்டேஜ் பக்கத்தில் ஒரு ஃபைலாக வைக்காது, சி டிரைவில் தன் டேட்டாபேஸுக்குள் வைத்துக்கொள்ளும். இது தெரியாமல் நம்ம பையன் ஒருவன் லேப்டாப் ஸ்லோ என்று சி டிரைவை ஃபார்மட் அடித்தான். ஃபூட்டேஜ் எல்லாம் வெளி டிஸ்க்கில் பத்திரமாக இருந்தது, மூன்று கல்யாணத்தின் வெட்டு மட்டும் காணோம். தினமும் கிளம்பும் முன் புராஜெக்ட்டை எக்ஸ்போர்ட் செய்து பென் டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள், ஒரு நிமிட வேலை.

ஃபில்மோராவுக்கு ஒதுக்கிய காசில் ரேம் வாங்குங்கள். ஆனால் கடைக்குப் போகும் முன் லேப்டாப்பின் மாடல் எண்ணைப் போட்டு, ரேம் போடக் காலி ஸ்லாட் இருக்கிறதா, இல்லை போர்டிலேயே ஒட்டி வந்ததா என்று பார்த்துவிட்டுப் போங்கள். மெலிசான லேப்டாப்கள் பலதில் ஒட்டித்தான் வருகிறது. உங்களுடையது அப்படி இருந்தால் மாடல் எண்ணோடு இங்கேயே எழுதுங்கள், வேறு வழி யோசிக்கலாம்.